டிக்கெட் யார் கையில் இருக்கிறது?

திருகோணமலையில் உவர்மலைக்கு ஏறுகிற வீதியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. பாஸ்போட் கொப்பி அடிக்க வருவார்கள், விசா படிவம் நிரப்ப வருவார்கள். வேலை முடிந்து எழும்பும்போது, "பிள்ளை, அப்பிடியே டிக்கெட்டையும் ஒருக்காப் பார்த்துத் தாங்கோ" என்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து டோஹாவுக்கும் ரியாதுக்கும் போகிற இளம் பிள்ளைகள், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போகிற அம்மாமார், சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள், திருச்சிக்குக் கோயில் கும்பிடப் போகிறவர்கள் என்று எல்லோரும் அதில் இருப்பார்கள். நான் டிக்கெட் விற்கிறவள் இல்லை, கொமிஷனும் எடுப்பதில்லை. அவர்களைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, அவர்களுடைய கிரெடிட் அல்லது டெபிட் காட்டில், அவர்களுடைய ஈமெயிலில் போட்டுக் கொடுப்பேன். அச்சடிக்கிற தாளுக்கு மட்டும் காசு வாங்குவேன்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். விமானக் கம்பெனியின் தளத்திலேயே வாங்குவதா, போனில் விளம்பரம் வருகிற பயணத் தளத்தில் மலிவாக வாங்குவதா? நான் எல்லோருக்கும் சொல்கிற பதிலும் ஒன்றுதான். தேடுவதை எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள், காசைக் கம்பெனியில் கட்டுங்கள். இதற்கு விலக்குகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். அதற்கு முன்னர் இந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவையும் சின்னம்மாவையும் கண் காட்டச் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு பயணத் தளத்தில் இரண்டு பேருக்குமாக எட்டாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது, வாங்கிவிட்டேன். காலை ஒன்பது இருபதுக்கு விமானம். இரவு பதினொன்றரைக்கு வான் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று ஓடி, விடிய ஐந்தரைக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினார்கள். நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக் கொண்டு கவுண்டருக்குப் போனால், விமானம் ஆறு இருபத்தைந்துக்கு மாற்றப்பட்டிருந்தது. கவுண்டர் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் மூடியது. நேரம் மாறியதைக் கம்பெனி அறிவித்திருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. அவர்களுடைய பதிவில் பயணியின் ஈமெயில் என்று இருந்தது அந்தத் தளத்தின் ஈமெயில்.

கவுண்டரில் நின்ற பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, இந்த டிக்கெட் எங்களிட்ட வாங்கினது இல்லை. மாத்துறதெண்டால் வாங்கின இடத்திலதான் கேக்கவேணும்." நான் இங்கே கடையில் இருந்து அந்தத் தளத்துக்குப் போன் எடுத்தேன். ஐம்பது நிமிடம் பாட்டுத்தான் கேட்டது. எழுபது வயது அம்மா அங்கே கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் மறுநாளைக்குப் புது டிக்கெட் இரண்டு வாங்கி, நீர்கொழும்பில் அறை எடுத்துக் கொடுத்தேன். பழைய டிக்கெட்டின் காசு நான்கு மாதம் கழித்து வந்தது. சேவைக் கட்டணம் என்று ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் தந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன்.

யார் யாரிடம் விற்கிறார்கள்

போனில் விமானம் தேடும்போது வருகிற தளங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை விலைகளை ஒப்பிட்டுக் காட்டுகிறவை. அவற்றில் ஒரு விலையைத் தட்டினால் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய கடைக்குள் கொண்டுபோய் விடும். அது விமானக் கம்பெனியாகவும் இருக்கலாம், பெயரே கேள்விப்படாத ஒரு பயணத் தளமாகவும் இருக்கலாம். எக்ஸ்பீடியா, டிரிப் டொட் கொம், மேக்மைட்ரிப் போன்றவை தாமே காசு வாங்கி டிக்கெட் போடுகிறவை. பொதுவாக முகவர் என்கிறோமே, அவர்கள்தான் இவர்கள், கடை மட்டும் இணையத்தில் இருக்கிறது. மூன்றாவது, கம்பெனியின் சொந்தத் தளம்.

முகவர்கள் விலையையும் இருக்கையையும் அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் என்கிற பெரிய கணினி அமைப்புகள் வழியாகத்தான் அதிகம் எடுக்கிறார்கள். நம்முடைய பெரிய கடைத்தெருவில் இருக்கிற ட்ராவல்ஸ்காரரும் அப்படித்தான். அதனால் விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அல்லது சின்ன வித்தியாசம். ஒரு தளம் மிகவும் மலிவாகக் காட்டினால் காரணம் இருக்கும். பெட்டி இல்லாத விலையாக இருக்கலாம். இரண்டு கம்பெனிகளின் டிக்கெட்டை ஒட்டியதாக இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் கட்டணம் ஏறலாம். சில நேரம் உண்மையிலேயே அவர்களுக்குச் சலுகை விலை கிடைத்திருக்கும். எது என்று பார்க்காமல் காசு கட்டக்கூடாது.

இதில் மனதில் பதிய வேண்டியது ஒன்று. முகவரிடம் வாங்கிய டிக்கெட்டை, பயணம் தொடங்கும் வரைக்கும் கம்பெனி முகவரின் பொருளாகத்தான் பார்க்கும். திகதி மாற்றுவது, ரத்துச் செய்வது, காசு திரும்பக் கேட்பது எல்லாமே முகவர் வழியாகத்தான். கம்பெனி ஒரு கட்டணம் எடுக்கும், முகவர் தன் பங்குக்கு இன்னொரு கட்டணம் எடுப்பார். காசு திரும்பும்போதும் கம்பெனி முகவருக்குக் கொடுத்து, முகவர் உங்களுக்குக் கொடுக்கவேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்கா மூடியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். நேரடியாக வாங்கிய ஒருவர் கம்பெனியின் தளத்தில் ஒரு படிவம் நிரப்பினார், அதோடு முடிந்தது. தளத்தில் வாங்கியவர்கள் மாதக்கணக்காக என் கடைக்கு வந்து ஈமெயில் அனுப்பிக் கொண்டிருந்தார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டும். பறக்கிற நாளில், விமான நிலையத்திலேயே விமானம் ரத்தானால், யாரிடம் வாங்கியிருந்தாலும் பொதுவாகக் கம்பெனிக்காரர்தான் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சிக்கல் எல்லாம் அதற்கு முந்திய நாட்களில்தான். நமக்கு அந்த முந்திய நாட்கள்தான் முக்கியம். கொழும்பில் இருக்கிறவருக்கு நேரம் மாறியது காலையில் தெரிந்தாலும் ஓட்டோ பிடித்துப் போய்விடலாம். திருகோணமலையில் இருந்து ஐந்தரை, ஆறு மணித்தியாலம் ஓடவேண்டும். ரயிலில் போகிறவர் முதல் நாள் இரவே ஏறியிருப்பார். செய்தி நேரத்துக்கு வந்து சேர்வதுதான் நமக்கு டிக்கெட்டின் பாதி மதிப்பு.

விலையை வாசிக்கிற விதம்

கூகுள் ஃபிளைட்ஸில் தொடங்குங்கள். திகதிக் கட்டத்தைத் திறந்தால் ஒவ்வொரு நாளின் விலையும் தெரியும். பயணம் உடனே இல்லையென்றால் விலையைக் கண்காணிக்கச் சொல்லி வைக்கலாம், மாறினால் ஈமெயில் வரும். எந்தக் கம்பெனி, எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கம்பெனியின் தளத்தை நீங்களே பெயர் அடித்துத் திறந்து அதே விமானத்தைப் பாருங்கள்.

இப்போது இரண்டு விலையையும் சமப்படுத்தவேண்டும். ஒரு பேச்சுக்கு, தளத்தில் 78,000 ரூபாய், கம்பெனியில் 84,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் விலையில் கையில் கொண்டுபோகிற 7 கிலோ மட்டும்தான், பெட்டி இல்லை. 20 கிலோ பெட்டியைச் சேர்த்தால் 85,000 ஆகிவிடும். காசு கட்டுகிற பக்கத்தில் சேவைக் கட்டணம் 1,500. போதாததற்குத் தளம் டொலரில் அறவிடுகிறது, வங்கி தன்னுடைய மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் போடும். மலிவு என்று நினைத்தது எங்கே போனது? எப்போதும் இப்படித்தான் முடியும் என்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்துத் தொகையோடு கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் ஒப்பிடவேண்டும், முதல் பக்கத்து எழுத்தை நம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெட்டியின் நிறை, இருக்கை, சாப்பாடு, திகதி மாற்றக் கட்டணம் நான்கையும் இரண்டு இடத்திலும் பாருங்கள். தளத்தில் முன்கூட்டியே தெரிவு செய்து வைத்திருக்கிற காப்புறுதி, "விசேட ஆதரவு" போன்ற கட்டங்களில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே எக்கொனமிக்குள் பல விலைப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் சில இருக்கைகள்தான். கீழ்ப் படியில் இரண்டு இருக்கை மிச்சம் இருக்கும்போது நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால், நால்வருக்கும் மேல் படி விலையைக் காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்து வாங்கலாம். ஆனால் பிள்ளைகளை ஒரு பெரியவரோடுதான் போடவேண்டும், பிறகு கம்பெனிக்கு எடுத்து இரண்டு பதிவையும் இணைத்துவிடச் சொல்லவேண்டும்.

வெளிநாட்டு இணையக் கட்டணத்துக்கு உங்கள் டெபிட் காட் திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஓ.டி.பி. (காசு கட்டும்போது வங்கி அனுப்புகிற ஒருதடவை இலக்கம்) வருகிற போன் கையில் இருக்கவேண்டும். மகனின் போனுக்கு ஓ.டி.பி. போகிறது, மகன் கடலில் என்றால் அன்று டிக்கெட் இல்லை.

பெயரும் திகதியும்

கடையில் நான் அதிகம் நேரம் எடுப்பது இதற்குத்தான், ஏனென்றால் இந்தப் பிழைக்குத்தான் சனம் அதிகம் அழுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரைத்தான் முன்னுக்கு வைக்கிறோம். ஆனால் பாஸ்போட்டில் இரண்டு வரி இருக்கும், குடும்பப் பெயர் ஒன்று, மற்றப் பெயர்கள் ஒன்று. எந்த வரியில் எது அச்சாகியிருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்தில் டிக்கெட்டில் போகவேண்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டாம். பாஸ்போட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து அடியுங்கள். முதல் எழுத்தை மட்டும் போட்டுச் சுருக்காதீர்கள். பெயர் நீளம் என்றால் எல்லாம் ஒட்டிக்கொண்டு தெரியும், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

பிழை வந்துவிட்டால், நேரடியாக வாங்கியவர் கம்பெனிக்கு எடுத்து ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்லலாம், பல கம்பெனிகள் சின்னத் திருத்தத்தைச் செய்து கொடுக்கின்றன. தளத்தில் வாங்கியவருக்கு அதற்கும் இடையில் ஒரு ஆள். பாலையூற்றில் இருந்து வந்த ஒரு அக்காவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டதைத் திருத்த ஆறு நாள் போனது. பயணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

திகதி விஷயம் சின்னது, ஆனால் கொடியது. 15ஆம் திகதி அதிகாலை 12.40க்கு விமானம் என்றால், 14ஆம் திகதி இரவு ஒன்பதரைக்கு நீங்கள் கட்டுநாயக்காவில் நிற்கவேண்டும். அதாவது 14ஆம் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு இங்கிருந்து புறப்படவேண்டும். நான் தாளின் மேலே பெரிதாகப் புறப்படுகிற நாளைத்தான் எழுதிக் கொடுக்கிறேன், விமானத்தின் நாளை அதற்குக் கீழே.

ஒட்டிய டிக்கெட்

சில தளங்கள் கொழும்பில் இருந்து சென்னைக்கு ஒரு கம்பெனி, சென்னையில் இருந்து வேறு ஊருக்கு இன்னொரு கம்பெனி என்று ஒட்டி மலிவாகக் காட்டும். பார்ப்பதற்கு ஒரே பயணம் போல இருக்கும், உண்மையில் இரண்டு தனி டிக்கெட். அப்படியென்றால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். வெளியே வருவதென்றால் இலங்கை பாஸ்போட்டுக்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லையென்றால் கொழும்பிலேயே ஏற்றமாட்டார்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது கம்பெனிக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் இல்லை.

"நீங்களே மாறவேண்டும்", "பெட்டியை மீண்டும் ஒப்படைக்கவேண்டும்", "பாதுகாக்கப்படாத இணைப்பு" என்கிற மாதிரிச் சொற்கள் சின்ன எழுத்தில் இருக்கும். அவற்றைத் தேடுங்கள். டோஹாவிலோ துபாயிலோ மாறி ரொறன்ரோ போகிற அம்மா ஒருவருக்கு எப்போதும் ஒரே டிக்கெட்டாகத்தான் போடவேண்டும். பெட்டி கட்டுநாயக்காவில் போட்டால் கடைசி ஊரில்தான் வரவேண்டும். ஆயிரம் சொல்லி மலிவு காட்டினாலும் வயதானவருக்கு ஒட்டிய டிக்கெட் வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

வாங்கிய அன்றே செய்யவேண்டியவை

யாரிடம் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். தளத்தில் வாங்கியவர்கள் கட்டாயம் செய்யவேண்டும்.

"உங்கள் பதிவு கிடைத்தது" என்று வருகிற ஈமெயில் டிக்கெட் இல்லை. அதில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும், அது பதிவு இலக்கம். டிக்கெட் போட்டாயிற்று என்பதற்குச் சாட்சி பதின்மூன்று இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். ஸ்ரீலங்கனுக்கு 603, கட்டாருக்கு 157, எமிரேட்ஸுக்கு 176, எதிஹாட்டுக்கு 607, எயார் இந்தியாவுக்கு 098. இன்டிகோ போன்ற மலிவு விமானக் கம்பெனிகளில் ஆறு எழுத்துக் குறியீடு மட்டும்தான் வரும், அதுவே போதும். மற்றக் கம்பெனிகளில் பதின்மூன்று இலக்கம் வராமல் ஒரு நாள் தாண்டினால் விடாமல் கேளுங்கள். காட்டில் காசு பிடித்தாலும் டிக்கெட் போடாமலே சில தளங்கள் பிறகு "விலை மாறிவிட்டது" என்று எழுதுவதுண்டு.

குறியீடு வந்ததும் தளத்தை மூடிவிட்டு, விமானக் கம்பெனியின் தளத்துக்குப் போங்கள். பதிவைப் பார்க்கிற பக்கத்தில் அந்தக் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் போடுங்கள். பயணத் தளங்கள் சில தங்களுக்கென்று வேறு இலக்கமும் தரும், அது கம்பெனியில் வேலை செய்யாது, ஈமெயிலில் கம்பெனியின் குறியீடு எது என்று பாருங்கள். திறந்ததும் முதல் வேலையாக உங்கள் போன் இலக்கத்தையும் ஈமெயிலையும் அங்கே சேர்த்துவிடுங்கள். அம்மாவின் கதையில் நான் செய்யாமல் விட்டது இந்த இரண்டு நிமிட வேலையைத்தான். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் பிள்ளையின் ஈமெயிலையும் போடலாம், நேர வித்தியாசத்தால் நீங்கள் உறங்கும்போது அவர் விழித்திருப்பார்.

அதே பக்கத்தில் சக்கர நாற்காலி கேட்கலாம். அதற்குக் காசு இல்லை. பெரிய விமான நிலையத்தில் மாறுகிற அம்மாமாருக்கு அது நடக்க முடியாததற்காக மட்டும் இல்லை, வழி தெரியாததற்கும் துணை. இரண்டு நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மரக்கறிச் சாப்பாடும் குறைந்தது ஒரு நாளுக்கு முன் சொல்லவேண்டும். "ஏசியன் வெஜிடேரியன்" என்று இருப்பதுதான் நம்முடைய கறி, சோறு பக்கம் வரும். வெறும் "வெஜிடேரியன்" என்று போட்டால் அவித்த மரக்கறி வரக்கூடும். முஸ்லிம் சாப்பாட்டுக்கும் தனித் தெரிவு இருக்கிறது. பயணத் தளத்தில் இவற்றை எழுதிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பாமல் கம்பெனியின் பக்கத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு நன்மை. அந்த நாட்டுக்குப் பறக்கிற கம்பெனிகள், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டை 24 மணித்தியாலத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்துச் செய்யவோ, காசு கட்டாமல் 24 மணித்தியாலம் விலையைப் பிடித்து வைக்கவோ விடவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இது கம்பெனிகளுக்குத்தான், பயணத் தளங்களைக் கட்டுப்படுத்தாது. நேரடியாக வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். டிக்கெட் மாற்றவேண்டும் என்றதும் சனம் கூகுளில் கம்பெனியின் பெயரோடு "போன் நம்பர்" என்று தேடுகிறது. மேலே வருகிற இலக்கங்களில் கள்ளர்களுடையவையும் இருக்கின்றன. அழகாகப் பேசி, காட் இலக்கத்தையும் ஓ.டி.பி.யையும் வாங்கிவிடுவார்கள். இலக்கத்தைக் கம்பெனியின் தளத்துக்குள் போய் எடுங்கள், அல்லது டிக்கெட் வந்த ஈமெயிலில் இருந்து எடுங்கள். ஓ.டி.பி.யை வாயால் யாருக்கும் சொல்லக்கூடாது, எந்தக் கம்பெனிக்காரரும் அதைக் கேட்கமாட்டார்.

முகவரிடம் போகவேண்டிய நேரம்

விலக்குகள் என்று சொன்னேன். முதலாவது, காட் இல்லாதவர்கள். காசை எண்ணிக் கொடுத்துத்தான் வாங்குவார்கள் என்றால், ஊரில் இருக்கிற ட்ராவல்ஸ்காரரிடம் போங்கள். நான் பயணத் தளத்தையும் ஊர் ட்ராவல்ஸ்காரரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. டிக்கெட்டின் விதி இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் இவருக்கு முகம் இருக்கிறது, கதவு இருக்கிறது. நேரம் மாறினால் அவரே எடுத்துச் சொல்வார், சொல்லாவிட்டால் காலையில் போய் முன்னுக்கு நிற்கலாம். ரசீதும் பதின்மூன்று இலக்கமும் வாங்காமல் மட்டும் எழும்பாதீர்கள்.

இரண்டாவது, கூட்டமாகப் போகிற பயணங்கள். உம்றாவுக்கு நாற்பது பேர், காசிக்கு முப்பது பேர் என்றால் தனித்தனியாக வாங்குவது சரிவராது. குழு விலை வேறு, அதை முகவர்தான் பேசி எடுக்கவேண்டும். மூன்றாவது, ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் இருந்து திரும்புகிற பயணம், பல கம்பெனிகள் சேர்கிற பயணம். கம்பெனியின் தளம் பொதுவாகத் தன் விமானங்களையும் தன் கூட்டாளிகளின் விமானங்களையும்தான் காட்டும். நல்ல முகவர் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் கட்டித் தருவார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட்டை எடுப்பது பெரும்பாலும் அங்கே வேலை கொடுக்கிற கம்பெனி அல்லது ஏஜென்சி. அங்கே உங்களுக்குத் தெரிவு இல்லை. ஆனால் குறியீட்டைக் கேட்டு வாங்கி, விமானக் கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். டிக்கெட் உண்மையானதா, திரும்புகிற டிக்கெட்டும் இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். கிண்ணியாத் தம்பிமார் வந்தால் அவர்கள் கேட்காமலே நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

விலை வித்தியாசம் உண்மையாகவே பெரிதாக இருந்தால் என்ன செய்வது? ஒரே கம்பெனி, ஒரே டிக்கெட், பெட்டியோடு, கடைசிப் பக்கத்தில் இருபதாயிரம் குறைவு, திகதி மாறவே மாறாது என்றால், பெயர் தெரிந்த பெரிய தளமாகப் பார்த்து வாங்குங்கள், மேலே சொன்ன இரண்டு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். இரண்டாயிரம், மூவாயிரத்துக்காக வாங்காதீர்கள்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற பலாலி விமான நிலையத்தையும் பாருங்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் சேர்ந்தது. நமக்கு வவுனியா வழியாக ஓடவேண்டும், ஆனால் கட்டுநாயக்காவின் நெரிசல் இல்லை. சின்ன விமானம் என்பதால் பெட்டி நிறையைக் கவனமாகப் பாருங்கள். தேடும்போது புறப்படும் இடம் கொழும்பு என்று மட்டும் போட்டால் பலாலி காட்டாது, யாழ்ப்பாணம் என்று தனியாகத் தேடவேண்டும்.

புறப்படுகிற நாள்

முதல் நாள் கம்பெனியின் தளத்தில் செக்-இன் செய்யுங்கள். செக்-இன் பக்கம் திறந்து, பெயரும் நேரமும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போடிங் பாஸை அச்சடித்தே கொண்டுபோங்கள், போன் சார்ஜ் இறங்கிவிடும். ஒரு கொப்பி கைப்பையில், ஒன்று பெட்டிக்குள்.

வானில் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் குறியீட்டைப் போட்டு நேரத்தைப் பாருங்கள். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது இன்னொரு தடவை பாருங்கள். சாரதியைப் பார்க்கச் சொல்லாமல் நீங்களே பாருங்கள். கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலத்துக்கு முன் இருக்கிற மாதிரி ஓட்டச் சொல்லுங்கள்.

போன மழைக்காலத்தில் கிண்ணியா நானா ஒருவர் டோஹாவுக்குப் போகிற வழியில், கலேவெலவில் மரம் விழுந்து வான் நின்றுவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் எனக்கு எடுத்தார். நேரடியாக வாங்கிய டிக்கெட். கம்பெனியின் ஆப்பில் எங்கே தட்டவேண்டும் என்று நான் கடையில் இருந்து சொன்னேன். அவர் வானுக்குள் இருந்தபடியே, விமானம் புறப்பட நான்கு மணித்தியாலம் இருக்கும்போது, மறுநாள் காலை விமானத்துக்கு மாற்றினார். விலை வித்தியாசத்தைக் காட்டில் கட்டினார். புது போடிங் பாஸ் வந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, இறங்கிப் போய் மரம் வெட்டுகிறவர்களோடு கொப்பு இழுத்தாராம்.